மூன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவே

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியில் குடியிருக்கும் ஒருவர் இன்று மனம்வைத்தால், இத்தாலியின் துரினிலோ இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலோ 1974-இல் செய்த ஒரு காரை விலைபேசி, கப்பலேற்றி, சுங்கம் கட்டி, ஊர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்துவிடலாம். சட்டம் தடுக்காது. 2025 தொடக்கம் வரை தடுத்தது. 1950 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டிகளை மட்டுமே ‘விண்டேஜ்’ என்று ஏற்று, அவற்றுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. பிறகு அந்தத் தேதியை எடுத்துவிட்டு, 50 வயது நிரம்பிய எந்த வண்டியும் தனி உரிமம் இல்லாமல் வரலாம் என்று மாற்றினார்கள். தேதி நின்ற இடத்திலேயே நிற்கும், வயது நகரும். ஆகவே ஒவ்வோர் ஆண்டு பிறக்கும்போதும் இன்னும் ஓர் ஆண்டின் வண்டிகளுக்குத் தகுதி வந்துகொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்து இங்கே யாரும் அப்படி எதையும் கொண்டுவரவில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில், அந்த மலையில் பிறக்கும் வாணியாற்றை அணைகட்டித் தேக்கிய நீரை நம்பிக் கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற பூமி இது. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது; ரயிலைப் பிடிக்கப் பொம்மிடி போக வேண்டும். கையில் நாலு காசு சேர்ந்தால் போர் போடுவார்கள், டிராக்டர் எடுப்பார்கள், பிள்ளையை எஞ்சினீயரிங் சேர்ப்பார்கள். இஷ்டத்துக்கு ஓட்ட முடியாத ஒரு காருக்கு, அதன் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டுகிற பைத்தியம் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

ஆனாலும் பழைய கார்கள் நாடுவிட்டு நாடு போவதைப் பற்றி யோசிக்க இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தென்படவில்லை. கடல் கடந்து வந்த பழைய வண்டிகளோடுதான் இந்த வட்டாரம் இரண்டு தலைமுறை குடித்தனம் நடத்தியது. மலைக்கிராமத்துக்குப் பாறையும் பள்ளமுமாக ஏறிய ஜீப். வாத்தியாரும் வனத்துறைக்காரரும் ஓட்டிய புல்லட். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சாவுக்கும் ஒரே முகத்தோடு வந்து நின்ற அம்பாசிடர். மூன்றுக்கும் பிறந்த இடம் வேறு. ஆனால் எவரும் அவற்றை வெளிநாட்டு வண்டி என்று சொல்லிக் கேட்டதில்லை.

காரணம், அவை கார்களாகக் கப்பலில் வரவில்லை. கார் செய்கிற அச்சுகளாகவும் வரைபடங்களாகவும் வந்தன. சுதந்திரத்துக்கு முன்னால் கதை வேறு மாதிரி இருந்தது. சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் நம்பெருமாள் செட்டியார் வைத்திருந்தது பிரான்சின் டி டியோன் பூத்தோன், எம்.சி. 3 என்பது அதன் எண். ஃபோர்டு கம்பெனி 1920களிலேயே சென்னையில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதையே பம்பாயில் செய்தது. 1953-இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே கார் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று பரிந்துரைக்க, இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. அதன் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலையில் புதிய கார் என்றால் அது எங்கோ பழசாகிப் போன கார்தான்.

ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் செய்துவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவமும் உரிமையும் 1957-58 வாக்கில் கல்கத்தாவுக்கு வடக்கே உத்தரபாராவுக்கு வந்துசேர்ந்தன. இங்கிலாந்தில் அந்த மாடலை 1959-இலேயே நிறுத்திவிட்டார்கள். உத்தரபாராவில் அதையே அம்பாசிடர் என்ற பெயரில் 2014 மே மாதம் வரை செய்தார்கள். பிறந்த வீட்டில் மூன்று ஆண்டு, புகுந்த வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல். இப்படி ஒரு காரைப் ‘பழைய கார்’ என்று எந்தத் தேதியிலிருந்து சொல்வது? கௌலியில் அதன் கணக்கை முடித்த நாளிலிருந்தா, உத்தரபாராவில் கடைசி வண்டி வெளியே வந்த நாளிலிருந்தா? 2010-இல் சேலத்தில் டெலிவரி எடுத்த அம்பாசிடருக்கு ஆர்.சி. புத்தகத்தின்படி வயது பதினைந்தைத் தாண்டுகிறது. அதன் கதவின் வளைவுக்கு எழுபதை நெருங்குகிறது.

சுங்கத் துறைக்கு இந்த மாதிரிக் குழப்பங்கள் பிடிக்காது. அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் வேண்டும். உலக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பட்டியலில் பயணிகள் கார் 8703. அதே பட்டியலின் கடைசிப் பக்கங்களில் 9705 என்று இன்னொரு எண் உண்டு. வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள்கள் அதில் வரும்: பழங்காசுகள், பாடம் செய்த பறவைகள், எலும்புக்கூடுகள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு காருக்கு 30 வயதாகி, அதன் அசல் நிலை பெரிதாக மாறாமல், அந்த மாடலின் தயாரிப்பும் நின்றுபோயிருந்தால், அதை 8703-லிருந்து எடுத்து 9705-இல் வைக்க வழியிருக்கிறது. வைத்துவிட்டால் பிரிட்டனில் சுங்கம் இல்லை. மதிப்புக் கூட்டு வரியும் 5 சதவீதம்தான். முப்பதாவது பிறந்தநாளன்று அது கார் என்ற நிலையிலிருந்து பழங்காசுகளின் வரிசைக்குப் போய்விடுகிறது. அமெரிக்கர்களுக்கு 25 ஆண்டு போதும். 1988-இல் இயற்றிய சட்டப்படி அந்த வயதைத் தாண்டிய வண்டி அவர்களுடைய பாதுகாப்பு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டில் 50 வயதுக் கார் உள்ளே வரலாமே தவிர, சலுகை கிடையாது. அது 8703 ஆகவே வந்து இறங்குகிறது, முழு வரியோடு. கொண்டுவந்தவர் தானே வைத்துக்கொள்ள வேண்டும், விற்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. முதல் நிபந்தனை அதை வெறும் சரக்காகப் பார்க்கிறது. இரண்டாவது நிபந்தனை சரக்குக்குரிய முதல் குணத்தையே பிடுங்கிவிடுகிறது. இந்த முரண்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. பணக்காரர்களின் ஆசையில் அரசு கை நனைத்துக்கொள்வதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. விற்கத் தடை இருப்பதும் ஒரு வகையில் நல்லது. ஆசைப்பட்டவன் மட்டும் வாங்கட்டும்.

சுங்கக்காரர்களின் இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பயன்படுத்திய காரின் மதிப்பைப் போட அவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் தேய்மானக் கணக்கு அது. புதிதாக விற்ற விலையில், முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு 4 சதவீதம் கழிக்க வேண்டும்; இரண்டாம் ஆண்டு 3; மூன்றாம் ஆண்டு 2.5, அதற்குப் பிறகு 2. எவ்வளவு கழித்தாலும் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் ஏழு ஆண்டில் அந்த வரம்பு முட்டிவிடுகிறது. அதாவது ஒரு காரின் முதுமை ஏழு வயதில் முடிந்துவிடுகிறது. எட்டாம் வயதில் அது தேய்வதை நிறுத்திவிட்டு அப்படியே உறைந்து நிற்கிறது. சேகரிப்பவர்களின் கணக்கு இதற்கு நேர் எதிர். இருபது ஆண்டு கீழே இறங்கும், இன்னும் பத்து ஆண்டு காயலான் கடை வாசலில் கிடக்கும், அதில் தப்பிப் பிழைத்தது மட்டும் மறுபடி ஏற ஆரம்பிக்கும். தப்பிப் பிழைத்ததால்தான் ஏறும். கூடப் பிறந்தவை எல்லாம் இரும்பாக உருகிப் போனதுதான் அதன் விலை.

உள்ளே வர அனுமதியில்லாத வயது ஒன்றும் இங்கே உண்டு. பழைய கார் இறக்குமதிக்கான பொது விதி, வண்டிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும் என்கிறது. மூன்றுக்குக் கீழே வரலாம், ஐம்பதுக்கு மேலே வரலாம். நடுவில் உள்ள நாற்பத்தேழு ஆண்டு கிட்டத்தட்ட முழுக் கதவடைப்பு. வாலிபர்களுக்கும் கிழவர்களுக்கும் விசா உண்டு, குடும்பஸ்தர்களுக்கு இல்லை. ஆனால் மனிதர்கள் மனதார ஆசைப்படுவது பெரும்பாலும் இந்த நடு வயது வண்டிகளுக்குத்தான். பத்து வயதில் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்த காரைக் கையில் காசு சேர்ந்த பிறகு தேடுகிறார்கள். அது இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் வீடு வீடாகச் சோதனை போட்டபோது தேடியதும் இந்த வகை வண்டிகளையே: பூட்டான் வழியாக நாட்டுக்குள் வந்து, பொய்யான காகிதங்களோடு பதிவானதாகச் சந்தேகிக்கப்பட்ட லேண்ட் குரூஸர்கள், டிஃபெண்டர்கள். நும்கோர் என்பது பூட்டானின் சோங்கா மொழியில் வண்டிக்குப் பெயர்.

உள்நாட்டிலேயே இருந்துவிட்ட நடு வயது வண்டிகளுக்கும் பாடு கஷ்டம்தான். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில், 20 வயதைத் தாண்டியவற்றுக்கு அதுவும் இரட்டிப்பாகி 10,000, 80,000 என்று நிற்கிறது. ஐம்பது வயது வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டால் அதற்கு மேல் விண்டேஜ் பதிவு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு 5,000. கிழடாவது வரை தாங்கினால் மரியாதை.

இப்போது அந்த மூன்று வண்டிகளுக்கு வருகிறேன். அவை வந்த கதையைவிடத் திரும்பிப் போன கதைதான் ருசியானது.

புல்லட்டின் முறை முதலில் வந்தது. எல்லையில் ஓட்டுவதற்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளைக் கேட்டதில் தொடங்கி, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் முதலில் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு செய்வதற்கான கருவிகளையே வாங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1960களின் இறுதியில் மூடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. 1977-இல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அதை ஐம்பதுகளின் அழகு என்று வாங்கினார்கள். இங்கே அன்றைக்கு அது போலீஸ்காரரும் பால்காரரும் உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்த வண்டி. ஒரே வண்டி, ஒரே ஆண்டில், ஓரிடத்தில் ஏக்கமாகவும் இன்னோரிடத்தில் பிழைப்பாகவும் இருந்தது. அதற்குள் எந்த மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கடலைத் தாண்டியதைத் தவிர.

அம்பாசிடர் போனது 1993-இல். லண்டனில் ஒரு சிறு கம்பெனி ‘ஃபுல்போர் மார்க் 10’ என்று பேர் வைத்து அதைக் கொண்டுபோய் விற்கப் பார்த்தது. அங்கத்திய விதிக்காக ஹீட்டரும் சீட் பெல்ட்டும் பொருத்த வேண்டியிருந்தது. தருமபுரி வெயிலில் ஓடிய வண்டிக்கு ஹீட்டர் எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த உருவம் பிறந்ததே குளிர்காலம் உள்ள ஊரில்தானே. நாற்பது ஆண்டு தள்ளி வீடு திரும்பியபோது அதற்கு அந்த ஊர்க் குளிர் மறந்திருந்தது. விரல்விட்டு எண்ணும்படிதான் விற்றது. கொண்டுபோன கம்பெனியும் திவாலானது. நான் அந்தக் கம்பெனிக்காரரின் பக்கம். அவர் நினைத்ததில் பிழையில்லை, பத்துப் பதினைந்து ஆண்டு முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஜீப்பின் கதைதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா கம்பெனி 1940களின் இறுதியிலேயே உரிமம் பெற்றுப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. சாலை போகாத ஊர்களுக்கெல்லாம் முதலில் போன சக்கரம் அதுதான். 2018-இல் அதே பரம்பரையில் வந்த ‘ராக்ஸர்’ என்ற வண்டியை மகிந்திரா அமெரிக்காவுக்கே கொண்டுபோய், மிச்சிகனில் பாகங்களைப் பூட்டி, சாலையில் ஓட்டாமல் தோட்டம் காடுகளில் மட்டும் ஓட்டும் வண்டியாக விற்றது. ஜீப் என்ற பெயரை அப்போது வைத்திருந்த கம்பெனி வழக்குப் போட்டது. எங்கள் ஜீப்பைப்போல் இருக்கிறது என்பது புகார். 2020-இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் ஆமாம் என்று தீர்ப்பளித்து, அந்த உருவத்தில் உள்ளே வரக் கூடாது என்றது. முகத்தை மாற்றி வடிவமைத்த பிறகுதான் விட்டார்கள். எழுபது ஆண்டுக்கு முன் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பிய ஜாடை அது. பேரன் வந்து வாசலில் நின்றால், தாத்தாவைப்போல் ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

எல்லை என்பது ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. பிரிட்டனில் ஹீட்டர் இல்லை என்றது. அமெரிக்காவில் மூஞ்சி சரியில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். 2003-இன் கடைசி நாளிலிருந்து அங்கே கல்நாருக்கு முழுத் தடை. பழைய வண்டியின் பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் அது இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துச் சான்று கேட்பார்கள். இங்கிருந்து ஒருவர் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், அந்த லைனிங்கைக் கழற்றுகிற பட்டறையின் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்திலிருந்து பழைய வண்டிகள் வெளியே போவதிலும் கட்டுப்பாடு உண்டு. ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களும் பியூக்குகளும் அடிமாட்டு விலைக்கு மேற்கே போன பிறகு, காலதாமதமாக விழித்துக்கொண்டு வைத்த விதி அது. 1950-க்கு முந்தைய கார்களை அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகத்துக்கோ, 2023-இல் வடபழனியில் திறந்த ஏவிஎம் காட்சியகத்துக்கோ போகலாம். நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். துடைத்து வைத்த காரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் ஏமாற்றம் வரும். அது என் கோளாறு, அவர்களுடையதல்ல.

ஒரு கார் ‘கிளாசிக்’ ஆவதற்கு அதை யாரோ நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. தினமும் ஓட்டுகிற இடத்தில் எந்த வண்டியும் அந்தப் பட்டத்தைப் பெறுவதில்லை. யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். 1950களில் வந்திறங்கிய ஆஸ்டின் ஏ40, மாரிஸ் மைனர் கார்கள் அங்கே நெடுங்காலம் வாடகைக் கார்களாக ஓடின. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, துளிப் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகையும் நாற்றமுமாக அந்தக் கார்கள் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தன. புதிய ஜப்பான் கார்களால் அது முடிந்திருக்காது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின், நடுவில் எந்த மின்னணு மூளையும் இல்லாத கார்பரேட்டர், எதைக் கொடுத்தாலும் குடித்துப் பழகிய தொண்டை, அவைதான் தாங்கின. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் போய் உங்கள் ஆஸ்டின் ஒரு கலைப்பொருள் என்று சொல்லியிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், 1947-இல் வந்த ஏ40-யின் 1200 சிசி எஞ்சின்தான் பிறகு வளர்ந்து பிஎம்சி கம்பெனியின் ‘பி வரிசை’ எஞ்சினானது. அதே வரிசையின் 1489 சிசி எஞ்சின் அம்பாசிடரின் வயிற்றில் இருந்தது. இங்கிலாந்துச் சீமான்கள் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டிய எம்ஜிபி காரிலும் அந்த வரிசைதான். யாழ்ப்பாணத்து வாடகைக் காரும் பாப்பிரெட்டிப்பட்டி டாக்ஸியும் எஞ்சின் முறையில் தாயாதிகள். இலங்கைக்காரர்களின் கைவேலை இன்னொரு வழியிலும் இங்கிலாந்துக்குப் போனது. பாத் நகரில் மாரிஸ் மைனர்களைச் செப்பனிட்டு விற்றுவந்த சார்ல்ஸ் வேர், அந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்ய 1990களில் இலங்கையில் ஒரு கூட்டுத் தொழிலை ஆரம்பித்தார். ஆங்கிலேயரின் செல்லக் காருக்கு வேண்டிய மட்கார்டு ஆங்கிலேயர் விட்டுப்போன ஒரு தீவிலிருந்து கப்பலேறியது. அங்கே அதைத் தட்டி வளைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மாரிஸ் மைனர் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தெரிதல் எங்கள் பக்கமும் உண்டு, குறைந்துகொண்டு வருகிறது. அம்பாசிடரையே பார்த்து வயதான ஒரு மெக்கானிக்கிடம் இந்த இறக்குமதி விஷயத்தைச் சொன்னேன். “அண்ணா, அம்பது வருஷத்து காரு ஒண்ணு இங்கிலாந்துல இருந்து வருதுன்னு வெச்சுக்குங்க, வேலை பார்ப்பீங்களா?”

அவர் விலையைக் கேட்கவில்லை, பேரைக் கேட்கவில்லை. “ஓடின வண்டியா சார், நின்ன வண்டியா?” என்றார்.

நிறுத்தி வைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“நின்ன வண்டின்னா வேலை ஜாஸ்தி சார். ரப்பர் பூரா பாறையாப் போயிருக்கும், டேங்க்கு உள்ளே துரு, பிரேக் சிலிண்டர் புடிச்சிக்கினு இருக்கும். ஓடின வண்டி எங்க நோவுன்னு சத்தத்துலயே சொல்லிரும்.” கொஞ்சம் யோசித்து, “குளிர் ஊருன்னா ரோட்டுல உப்புக் கொட்டுவாங்களாமே. அடித்தகடு போயிருக்குமே சார்” என்றார். அவர் சேலத்தைத் தாண்டி எங்கும் போனவரல்ல. துபாயிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவன் சொல்லியிருக்கலாம். பனிக்கால உப்பு பிரிட்டிஷ் கார்களின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும் என்பது முழு உண்மை. வறண்ட ஊர்களில் ஓடிய உடலை மேற்கத்தியச் சேகரிப்பாளர்கள் தேடுவது அதனால்தான். தருமபுரி மாவட்டத்துக்கு வறட்சியால் கிடைத்த லாபம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது துருப்பிடிக்காத கார் கதவு.

அவருடைய முதல் கேள்விதான் என்னை விடவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வண்டி விதிகளில், முதல் பதிவு ஆகி 50 ஆண்டு முடிந்திருக்க வேண்டும், சேசி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. பிரிட்டனின் 9705 கேட்பதும் இதே அசல்தன்மையைத்தான். இந்த அளவுகோலை எங்கள் வட்டார வண்டிகள் மேல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை விழுந்துவிடும். ஜீப்பில் பெட்ரோல் எஞ்சின் தேய்ந்தபோது கிடைத்த டீசல் எஞ்சினை இறக்கியிருப்பார்கள். மெட்டடார் வேனின் எஞ்சினை அம்பாசிடருக்குள் உட்கார வைத்தவர்கள் உண்டு. பட்டை ஒடிந்தால் லாரியின் பட்டையை வெட்டிப் போடுவார்கள். உட்காரும் ஆள் கூடக் கூடப் பின்புறத்தை நீட்டி வெல்டிங் அடிப்பார்கள். கடைசியில் பூர்விகமாக மிஞ்சுவது நம்பர் பிளேட்டும், சாமி படம் ஒட்டிய டேஷ்போர்டும். யாரும் அந்த மாற்றங்களை ரசனைக்காகச் செய்யவில்லை. அடுத்த நாள் காலை மலைக்கு ஏற வேண்டியிருந்தது.

ஆக, சட்டம் பழைமை என்று கைதூக்கி விடுவது வாழ்க்கையில் படாமல் தப்பிய வண்டியை. ஷெட்டில் துணி போர்த்தி நின்றது அசல்; ஐம்பது ஆண்டு ஊரைச் சுமந்தது போலி. இதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு வண்டியின் வரலாறு அதன் தொழிற்சாலைச் சீட்டில் மட்டும் இல்லை. எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த ஆண்டு எந்த எஞ்சின் மாறியது என்பதிலும் இருக்கிறது. டீசல் ஏன் வந்தது என்று கேட்டால் பெட்ரோல் விலையின் கதை வரும். பின்புறத்தை ஏன் நீட்டினார்கள் என்றால் பஸ் வராத ஊர்களின் கதை. அருங்காட்சியகக்காரர்கள் என்றாவது அப்படி ஒரு ஜீப்பை, மூன்று எஞ்சின் மாறியதை, கரும்புச் சோகை உள்ளே கிடக்க அப்படியே கொண்டுபோய் வைத்தால் நான் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பேன்.

என்னிடம் பணமிருந்து, ஒரே ஒரு காரை வரவழைக்கச் சொன்னால் எதைக் கேட்பேன் என்றும் யோசித்ததுண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டில் அதற்கு டிரையம்ஃப் என்று முன்பெயர். நம் ஊரில் வண்டலூருக்குப் பக்கத்தில் 1961 முதல் செய்தார்கள். சென்னைக்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரு பெட்டி மூடியைப்போல் திறக்கும். எஞ்சினைச் சுற்றி ஓர் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்கை மனிதனாக நினைத்து வடிவமைத்த கார். ஆனால் இங்கேயே பிறந்த ஒன்றைக் கோவென்ட்ரியிலிருந்து வரி கட்டி அழைத்துவருவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினாலே அதன் பாதி உடம்பு கிடைத்தாலும் கிடைக்கும்.

சரி, யாரோ ஒருவர் துணிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, கன்டெய்னருக்குள் நாலு சக்கரத்தையும் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். முட்டுக் கொடுத்த கட்டைகளில் பூச்சி இல்லை என்பதற்குக்கூட முத்திரை வேண்டும். துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டு, வரியைக் கட்டி, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, போக்குவரத்து அலுவலகத்தில் டிஎன் என்ற எழுத்துக்குப் பின்னால் விஏ போட்ட நம்பரும் வாங்கியாயிற்று. இனி அதை எங்கே ஓட்டலாம்? விதி தெளிவாக இருக்கிறது. கண்காட்சிக்கு ஓட்டலாம், விண்டேஜ் ஊர்வலத்துக்கு ஓட்டலாம், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு ஓட்டலாம், பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். சந்தைக்குப் போகக் கூடாது, சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூடாது. பாப்பிரெட்டிப்பட்டியில் கண்காட்சி நடப்பதில்லை. மிஞ்சுவது பெட்ரோல் பங்க். எந்த பங்க் என்று விதியில் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்தாலும் அங்கே போடும் பெட்ரோல் பிடிக்கவில்லை என்று ஒருவர், பள்ளிப்பட்டியில் திரும்பி, மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை நிதானமாகச் சேலம் வரை போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தால், அதைத் தப்பென்று எந்த இன்ஸ்பெக்டரும் எழுத முடியாது.